கசடுக்கரி வினையூக்கி: இரண்டு மூட்டை, ஆறு வாரம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டே நீரில் தங்கிவிடும் ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிதைக்கலாம் என்று ஆய்விதழ்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. அந்த ஆய்வுகளை அடியொற்றி முன்னோட்ட அளவில் தயாரித்து அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து இரண்டு மூட்டைகளை வாங்கி, நான் வேலை பார்க்கும் நிலையத்தின் கடைசிக் கட்டத்தில், தெளிந்த நீர் வெளியேறும் வாய்க்காலுக்கு முன்னால் ஒரு சிறு தொட்டியில் ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இந்த வகைப் பொருளை யார் செய்தாலும் எதிர்கொள்ள வேண்டியவை.

மூட்டையைப் பிரித்தால் மிளகைவிடச் சற்றுப் பெரிய கருமணிகள் இருக்கின்றன. நாற்றம் துளியும் இல்லை. கசடு என்றதும் முகம் சுளித்த எங்கள் ஆபரேட்டர்கள்கூட, கையுறை போட்டுக்கொண்டு அள்ளிப் பார்த்துவிட்டு, இது சாதாரண வடிகட்டிக் கரிதானே என்றார்கள். அந்த எண்ணத்தை முதலிலேயே திருத்திக்கொள்ள வேண்டும். வடிகட்டிக் கரி மருந்தைத் தன் துளைகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. துளைகள் நிரம்பியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. இந்த மணிகளின் வேலை அதுவன்று. நீரில் கலக்கப்படும் ஓர் ஆக்சிஜனேற்றியைத் தூண்டிவிட்டு, அதன் வழியே மருந்து மூலக்கூறை உடைப்பதுதான் இவற்றிடம் எதிர்பார்க்கப்படுவது. ஆகவே மணிகளை மட்டும் வாங்கினால் போதாது. ஆக்சிஜனேற்றியை நாள்தோறும் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரத்தாளில் இது மிகச் சிறிய எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இந்தப் பொருள் எதற்குத் தேவை என்பதைச் சொல்லாமல் அதை மதிப்பிட முடியாது. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பகுதி உடலில் மாற்றமடையாமலே வெளியேறிச் சாக்கடைக்கு வந்து சேர்கிறது. உலகெங்கும் பெரும்பாலான நிலையங்கள் நம்பியிருக்கும் உயிரூட்டிய கசடு முறையை ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் மான்செஸ்டரில் 1914இல் அறிமுகப்படுத்தியபோது, எளிதில் மக்கும் கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்ப்பதுதான் நோக்கமாக இருந்தது. பென்சிலினே 1928இல்தான் கண்டறியப்பட்டது. எனவே அந்த முறை ஆன்டிபயாடிக்கை நீக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. அதற்கென்று அது வடிவமைக்கப்படவே இல்லை. நிலையத்துக்குள் வந்த பிறகு ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வழியில் போகிறது. பென்சிலின் வகையினவற்றின் பீட்டா லாக்டம் வளையம் நீரில் தானாகவே உடைந்துவிடக்கூடியது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை கசடில் ஒட்டிக்கொண்டு நீரை விட்டு விலகுகின்றன. சல்ஃபாமெத்தாக்சசோல் பெரிதாக எதிலும் ஒட்டாமல், ஓரளவு மட்டுமே சிதைந்து, மீதி தெளிந்த நீரோடு வெளியே போய்விடுகிறது. அப்படிப் போகும் அளவு ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் முதல் சில மைக்ரோகிராம் வரைதான். ஆனாலும் அந்தச் சிறு அளவே நீர்நிலைகளில் எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாவுக்குச் சாதகமாக அமையலாம் என்பதுதான் கவலை. 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக நேர்ந்த உயிரிழப்பு உலக அளவில் 12.7 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் கழிவுநீரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவதே முதன்மைக் காரணம். ஆயினும் நம் வாய்க்காலில் போவதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் கசடில் ஒட்டிக்கொள்கிறது என்றால், அந்தக் கசடை அப்படியே வயலுக்கு உரமாகக் கொண்டுபோகும்போது மருந்தும் கூடவே போகிறது. அதே கசடைச் சில நூறு டிகிரி வெப்பத்தில் சுட்டால் மருந்து, நோய்க்கிருமி, எதிர்ப்புத்திறனைச் சுமக்கும் மரபணுத் துண்டுகள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. ஆகவே இந்தப் பொருள் வினையூக்கியாக முழு வெற்றி பெறாவிட்டாலும், அதைச் செய்யும் முறையிலேயே ஒரு நன்மை நடந்துமுடிகிறது. நியாயமாக மதிப்பிட வேண்டுமென்றால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கசடு ஏன் வினையூக்கிக்குப் பொருந்துகிறது என்பதை ஒரு காந்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். முதல் மூட்டையின் மணிகளுக்கருகே காந்தத்தைக் கொண்டுபோனதும் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. பல நிலையங்களில் பாஸ்பரசை நீக்கவும், கசடைப் பிழிந்து நீரை வடிக்கவும் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள். அந்த இரும்பு கசடிலேயே தங்கிவிடுகிறது. காற்றில்லாத சூட்டில் கசடின் கரிமப் பொருள் கரியாகும்போது, அந்தக் கரியே இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, அதை முதலில் காந்தம் ஈர்க்கும் மேக்னடைட்டாகவும், சூடு இன்னும் ஏறினால் உலோக இரும்பாகவும் மாற்றுகிறது. மரத்தூளைக் கரியாக்கி வினையூக்கி செய்ய வேண்டுமானால் இரும்பு உப்பைத் தனியே வாங்கி ஊறவைக்க வேண்டும். கசடில் அது ஏற்கெனவே பரவலாகக் கலந்திருக்கிறது. இரும்பு மட்டுமன்று. இறந்த நுண்ணுயிர்களின் புரதத்திலிருந்து வரும் நைட்ரஜன், சூட்டின்போது கரித் தளத்துக்குள் கார்பன் அணுக்களுக்கு நடுவே இடம்பிடித்து, எலக்ட்ரான்கள் எளிதாக நகரும் இடங்களை உண்டாக்குகிறது. துளைப்பரப்பில் மட்டும் இது ஏழை. நல்ல வடிகட்டிக் கரியின் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டரை ஒட்டிய பரப்பு இருக்குமென்றால், மேலும் பதப்படுத்தாத கசடுக்கரியில் பெரும்பாலும் நூறுக்கும் கீழேதான் கிடைக்கும்; உள்ளே சாம்பல் நிறைந்திருப்பதே காரணம்.

இரண்டாவது மூட்டையில்தான் எனக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. பெயரும் வரிசை எண்ணின் முன்னொட்டும் முதல் மூட்டையில் இருந்தவைதான், விலையும் மாறவில்லை; ஆனால் காந்தத்துக்கு மணிகள் சோம்பலாகத்தான் நகர்ந்தன, பல அசையவே இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோது முதலில் மழுப்பினார்கள்; பிறகு அந்தத் தொகுதிக்கான கசடு வேறொரு நிலையத்திலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நிலையத்தில் ஃபெரிக் குளோரைடுக்குப் பதிலாகப் படிகாரம் போடுகிறார்களாம். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். அலுமினியம் இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே மாறிமாறி எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கக்கூடிய உலோகமன்று. அதனால் இந்த வேலைக்கு அது உதவாது. கசடு என்பது தொழிற்சாலையில் அளந்து செய்யும் மூலப்பொருளன்று, ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுவது என்பது எனக்கும் தெரியும். மாறுவதில் தவறில்லை. மாறியதைச் சொல்லாமல் ஒரே பெயரில் விற்றதுதான் தவறு. ஒவ்வொரு மூட்டையிலும் இரும்பின் அளவை அச்சிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி வேலை நடக்கும் விதம். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருளை வலிமையாக ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதை ஃபென்டன் 1894லேயே எழுதிவிட்டார். அந்த முறையின் பெரிய தொல்லை, நீரின் பி.எச். மதிப்பை 3ஐ ஒட்டிக் குறைத்தால்தான் அது சரியாக நடக்கும் என்பது. இப்போதைய கசடுக்கரிப் பொருள்கள் பெரும்பாலும் பெராக்ஸிமோனோசல்பேட் என்ற ஆக்சிஜனேற்றியோடு பயன்படுத்தப்படுகின்றன. ஆக்சோன் என்ற வணிகப் பெயரில் கிடைக்கும் வெள்ளைத் தூள் அதுதான். இரும்போ நைட்ரஜன் ஏறிய கரித் தளமோ ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, இந்த மூலக்கூறின் நடுவிலுள்ள ஆக்சிஜன் பிணைப்பு பிளந்து, சல்பேட் ரேடிக்கல், ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, அருகில் இருப்பதை உடனே தாக்கும் நிலையற்ற துண்டுகள் பிறக்கின்றன. சல்பேட் ரேடிக்கலின் ஆயுள் 30 முதல் 40 மைக்ரோ நொடி. ஹைட்ராக்சிலின் ஆயுள் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் அவை ஒரு மைக்ரோமீட்டர் தூரம்கூட நகர முடியாது. ஆகவே மருந்து மூலக்கூறு மணியின் பரப்புக்கு வெகு அருகே வந்தால்தான் தாக்குதல் நடக்கும். எங்கள் தொட்டியில் நீரோட்டத்தைக் கூட்டியபோது பலன் சரிந்ததற்கும், மணிகளைப் பொடித்தபோது பலன் ஏறியதற்கும் இதுவே விளக்கம். பொடித்தால் இன்னொரு தொல்லை வரும். அதைப் பின்னால் சொல்கிறேன். ரேடிக்கல் இல்லாமலே, மருந்திலிருந்து எலக்ட்ரான் கரியின் வழியாக ஆக்சிஜனேற்றிக்குப் பாயும் பாதையும் உண்டு. அது எல்லா மருந்தையும் தாக்காது. எலக்ட்ரான் செறிந்தவற்றையே தேர்ந்து தாக்கும். ஆனால் நீரிலுள்ள பிற உப்புகளால் அவ்வளவாகத் தடைபடாது.

விளம்பரத்தாளின் முதல் பக்கத்தில், லிட்டருக்கு 20 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் கரைத்த நீரில் அரை மணி நேரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் நீக்கம் என்று வண்ண வரைபடம் போட்டிருந்தார்கள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சி வடித்த நீரில் அதே சோதனையைச் செய்து பார்த்தேன். முதல் மூட்டை அந்த வரைபடத்துக்கு ஏறத்தாழ ஈடாகவே வந்தது. ஆனால் அந்தச் சோதனையில் மூன்று சலுகைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, 20 மில்லிகிராம் என்பது 20,000 மைக்ரோகிராம்; நகரக் கழிவுநீரில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. இரண்டாவது, டெட்ராசைக்ளின் உலோகங்களோடு எளிதில் பிணைந்துகொள்ளும் மூலக்கூறு. இரும்பு செறிந்த மணியைக் கண்டால் உடையாமலேயே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, பெராக்ஸிமோனோசல்பேட் எந்த வினையூக்கியும் இல்லாமலே டெட்ராசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் ஓரளவு ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். எனவே மணி மட்டும், தூள் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று குடுவைகளை அருகருகே வைத்துப் பார்க்காமல் எந்த நீக்கச் சதவீதத்தையும் நம்பக் கூடாது. நான் அப்படி வைத்துப் பார்த்தபோது, டெட்ராசைக்ளின் நீக்கத்தில் பெரும்பங்கு முதல் இரண்டு குடுவைகளிலேயே நடந்துவிட்டிருந்தது. வினையூக்கி என்று பெயர் வாங்கிய பொருள் தன் பெயருக்குரிய வேலையைச் செய்தது மீதியில்தான்.

சல்ஃபாமெத்தாக்சசோலுக்கு மாறியதும் கதை திரும்பியது, அதுவும் பொருளுக்குச் சாதகமாக. மணி மட்டும் இருந்த குடுவையில் அநேகமாக எதுவும் குறையவில்லை; தூள் மட்டும் இருந்ததில் கொஞ்சம் குறைந்தது; இரண்டும் சேர்ந்ததில் தெளிவாக, வேகமாகக் குறைந்தது. இது உண்மையான வினையூக்கம். சல்ஃபா மருந்தின் ஒரு முனையிலுள்ள அனிலின் தொகுதி எலக்ட்ரான் செறிந்தது. ஆக்சிஜனேற்றிகள் முதலில் பற்றும் இடங்களில் அதுவும் ஒன்று. விற்பவர்கள் இந்த மருந்தின் வரைபடத்தை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் சதவீதம் சற்றுக் குறைந்திருக்கும். ஆனால் விவரம் தெரிந்தவர்களின் நம்பிக்கை கூடியிருக்கும்.

அடுத்து எங்கள் நிலையத்தின் தெளிந்த நீரிலேயே சோதித்தேன். இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வாரம் மாதிரிப் புட்டிகளில் எஞ்சிய ஆக்சிஜனேற்றியை நிறுத்தாமலே வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். புட்டி போய்ச் சேரும்வரை உள்ளே வினை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தன. நம்ப முடியாததை நம்பாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். அடுத்த வாரத்திலிருந்து மாதிரி எடுத்த உடனே சோடியம் தயோசல்பேட் சேர்த்து வினையை நிறுத்தினேன். எண்கள் கீழே இறங்கின. அப்போது கிடைத்தவைதான் உண்மையான எண்கள். ஒளியுறிஞ்சலை அளக்கும் சாதாரணக் கருவி இந்த நீரில் பயன்படாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கழிவுநீரின் கரிமப் பொருளும் அதே புற ஊதா அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதால், மைக்ரோகிராம் அளவிலுள்ள மருந்தைத் திரவ வண்ணப்படிவுப் பிரிப்போடு நிறைமாலைக் கருவியையும் இணைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு மணிகளுக்கு ஆனதைவிட மிகுதி.

உண்மையான நீரில் பலன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள் மருந்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதி. ரேடிக்கலுக்கு ஆள் பார்த்துத் தாக்கும் வழக்கம் இல்லையாதலால், முதலில் எதிர்ப்படுவதையே தாக்குகிறது. பைகார்பனேட்டும் குறுக்கே வந்து ரேடிக்கலை வாங்கிக்கொண்டு, அதைவிட வலுக்குறைந்த கார்பனேட் ரேடிக்கலாக மாறுகிறது. குளோரைடின் கதை வேறு. அது பெராக்ஸிமோனோசல்பேட்டோடு நேரடியாகவே வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கும். மருந்து குறைந்தது போலத் தெரியும். ஆனால் குளோரின் ஏறிய துணைப்பொருள்கள் பிறந்திருக்கலாம். புரோமைடு உள்ள நீராக இருந்தால் புரோமேட் உருவாகும் வாய்ப்பையும் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த நீரைக் கையாளும் நிலையங்களுக்கு இந்தச் சேர்க்கையை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீக்கம் வேறு, முழுச் சிதைவு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருந்து கண்ணுக்குத் தெரியாமல் போன குடுவையிலும் மொத்தக் கரிமக் கார்பன் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மூலக்கூறு கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆகிவிடவில்லை. துண்டுகளாக உடைந்து நிற்கிறது. அந்தத் துண்டுகளுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் குணம் இன்னும் இருக்கிறதா என்பதே கேள்வி. சிப்ரோஃப்ளாக்சசினில் தாக்குதல் பெரும்பாலும் ஓரத்திலுள்ள பைப்பரசின் வளையத்தில் தொடங்குகிறது. மருந்தின் வீரியத்துக்குக் காரணமான குயினலோன் மையம் சில படிகள் வரை அப்படியே இருக்கக்கூடும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஈ.கோலை வளர்த்த தட்டில் சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான நீர்த்துளிகளை வைத்து, சுற்றிலும் தெளியும் வட்டத்தின் அகலத்தை அளந்தால் போதும். செறிவான மருந்துக் கரைசலில் இதைச் செய்தபோது, ஒரு மணி நேரத்தில் வட்டம் வெகுவாகச் சுருங்கியது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. இங்கும் ஆக்சிஜனேற்றியை முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே பாக்டீரியாவைக் கொன்று நம்மை ஏமாற்றிவிடும்.

நீரின் தன்மை மாறுவதையும் கவனித்தேன். ஆக்சோன் தூளே அமிலத்தன்மை கொண்டது. அதன் எடையில் பாதிக்கும் குறைவானதுதான் வேலை செய்யும் பொருள். மீதி பொட்டாசியம் சல்பேட்டும் பைசல்பேட்டும். வேலை செய்யும் பகுதியும் கடைசியில் சல்பேட்டாகவே நீரில் நிற்கும். அமிலத்தைத் தாங்கும் தன்மை நன்றாக இருந்த எங்கள் நீரில் பி.எச். சற்றுத்தான் இறங்கியது, மென்மையான நீரில் இதே அளவு போட்டிருந்தால் வெளியேற்றும் முன் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருந்திருக்கும். விளம்பரத்தாளில் பரிந்துரைத்த அளவின் பாதியைப் போட்டுப் பார்த்தபோது பலன் பாதியாகக் குறையவில்லை, அதைவிடக் குறைவாகவே இழந்தது. கூடுதலாகப் போடும் ஆக்சிஜனேற்றி தானே ரேடிக்கலை விழுங்கிவிடும் என்பது இத்துறையில் அறிந்ததே. ஆகவே அளவைக் கீழிருந்து தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதே சிக்கனம்.

கசடு என்றாலே எல்லாரும் கேட்பது கன உலோகத்தைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்வி அது. கசடைச் சுடும்போது எடை பாதியை ஒட்டிக் குறைவதால், ஆவியாகிப் போகாத உலோகங்கள் கரியில் செறிகின்றன. துத்தநாகம், செம்பு, குரோமியம் எல்லாம் அங்கேதான் இருக்கும். பெரும்பகுதி கனிமச் சாம்பலுக்குள் பூட்டப்பட்டிருப்பதால் நடுநிலை நீரில் சட்டென்று கரையாது. அமில நீரில் கரையும். மூட்டையிலிருந்து அப்படியே போட்டபோது முதல் நாள் நீர் இளம்பழுப்பாக வந்தது. சோதித்ததில் இரும்பும் கொஞ்சம் துத்தநாகமும் தெரிந்தன. இரண்டு முறை நன்றாக அலசிய பிறகு அந்த நிறம் வரவில்லை. அலசிய நீரை நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்பிவிட்டேன். விளம்பரத்தாள் அலசச் சொல்லவே இல்லை. உலோகக் கசிவு அறிக்கை கேட்டதற்குக் காய்ச்சி வடித்த நீரில் எடுத்த ஒற்றை அறிக்கையை அனுப்பினார்கள். ஆக்சிஜனேற்றி சேர்ந்து அமிலம் ஏறிய நீரில் எடுத்த அறிக்கைதான் பயனுள்ளது.

மறுபயன்பாடு பற்றிய கூற்று பாதி உண்மை. ஒவ்வொரு சுற்றிலும் பலன் சிறிது சிறிதாக இறங்கி, ஐந்தாம் சுற்றில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தளர்ந்தது. பரப்பிலிருந்த இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்துவிடுவதும், கரித் தளத்தின் வினைத்திறன் மிக்க இடங்களை ஆக்சிஜனேற்றியே தின்றுவிடுவதும், உடைந்த துண்டுகள் துளைகளை அடைத்துக்கொள்வதும் காரணங்கள். காற்றில்லாமல் மீண்டும் சுட்டால் பெருமளவு மீளும் என்கிறார்கள். அதற்கான உலை எங்களிடம் இல்லை. வெறுமனே கழுவிக் காயவைத்ததில் கொஞ்சம்தான் மீண்டது. மணிகள் தேய்ந்து உதிர்வது இன்னொரு குறை. உதிரும் கரித்தூள் நுண்ணிய வலையையும் கடந்துபோகிறது; வெளியேறும் நீர் சாம்பல் பூத்தது போல் தெரிந்த நாள்களும் உண்டு. மணிகளைப் பொடித்தால் பலன் ஏறும் என்று முன்பு சொன்னேன்; பொடித்தால் இந்தத் தூள் தொல்லையும் அதோடு ஏறும். இரும்பு செறிந்த முதல் மூட்டையில் மட்டும், வெளியேறும் வழியில் காந்தத் தட்டுகளை வைத்துப் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்க முடிந்தது. இது சாதாரண வடிகட்டிக் கரியில் கிடைக்காத வசதி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

கழிவிலிருந்து பிறந்ததால் இது இலவசம் போன்றது என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியவில்லை. பிழிந்தெடுத்த கசடு ஒரு டன் என்றால் அதில் 800 கிலோவை ஒட்டி நீர்தான். அந்த நீரை ஆவியாக்க மட்டும், ஒரு கிலோவுக்கு 2.26 மெகாஜூல் என்ற கணக்கில், 1,800 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நடைமுறையில் உலர்த்தியின் இழப்பும் சேரும். மீதி 200 கிலோ உலர் கசடிலிருந்து 80 முதல் 100 கிலோ கரி கிடைக்கும். சூட்டில் வெளியாகும் வாயுவை எரித்து உலர்த்தும் வெப்பத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். வேறு எரிபொருளைக் கொண்டு உலர்த்தினால் பசுமை என்ற பெயர் பொருந்தாது. கசடு பிறக்கும் இடத்திலேயே, அங்கு கசடு மக்குவதால் கிடைக்கும் எரிவாயுவையும் கழிவு வெப்பத்தையும் வைத்து உலர்த்திச் சுட்டு, அங்கேயே பயன்படுத்தும் ஏற்பாட்டில்தான் கணக்கு நேராகும். தொலைவிலிருந்து மூட்டையாக வாங்கி இறக்குவது இந்தப் பொருளின் இயல்புக்கே ஒத்துவரவில்லை.

எதோடு ஒப்பிடுவது என்று பார்த்தால், நகர நிலையங்களின் கடைசிக் கட்டத்துக்கு ஓசோனும் தூள் அல்லது மணி வடிவ வடிகட்டிக் கரியும் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டன. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டப்படி நடக்கும், மருந்து போன்ற நுண்மாசுகளின் நீக்கத்துக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே பயன்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகரக் கழிவுநீர் நெறிமுறையின்படி, ஒன்றரை லட்சம் பேரின் கழிவுக்கு ஈடான சுமையோ அதற்கு மேலோ உள்ள நிலையங்கள் 2045க்குள் படிப்படியாக, நுண்மாசுகளை நீக்கும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பை அமைக்க வேண்டும். அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும். அந்தப் பெரிய சந்தையைக் குறிவைத்துத்தான் கசடுக்கரி விற்பவர்களும் பேசுகிறார்கள். மைக்ரோகிராம் அளவிலுள்ள மருந்துக்காகப் பெருவெள்ளமாக ஓடும் நீர் முழுவதற்கும் ஆக்சோன் தூவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இடத்தில் ஓசோனும் கரியுமே முந்துகின்றன.

இந்தப் பொருளுக்கு ஏற்ற இடம் வேறு: மருந்து செறிவாகவும் நீர் குறைவாகவும் இருக்கும் இடம். மருந்து தயாரிக்கும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அதற்கு முதல் எடுத்துக்காட்டு. ஐதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. விளம்பரத்தாளின் 20 மில்லிகிராம் சோதனை உண்மையாகப் பொருந்துவது அப்படிப்பட்ட நீருக்குத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவு மேலாண்மைக்கென்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. உயிரியல் தொட்டிக்கு முன்னால், மருந்தின் வீரியத்தைத் தணித்து நுண்ணுயிர்கள் பிழைக்க வழிசெய்யும் முன்கட்டமாக இதை வைத்தால், துண்டுகளாக உடைந்ததைத் தின்று முடிக்கும் வேலையை அந்த நுண்ணுயிர்களிடம் விட்டுவிடலாம். முழுச் சிதைவு நடக்கவில்லை என்று மேலே நான் சொன்ன குறை அங்கே பெரிதாகத் தெரியாது.

வாங்க நினைப்பவர்கள், இரும்பின் அளவு, சுட்ட வெப்பநிலை, அமில நீரில் உலோகக் கசிவு ஆகிய மூன்றையும் அந்தந்தத் தொகுதிக்குரிய அறிக்கையாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெட்ராசைக்ளின் வரைபடத்தை ஒதுக்கிவிட்டுச் சல்ஃபாமெத்தாக்சசோல் வரைபடத்தைக் கேளுங்கள். மூட்டை வந்ததும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். முதல் மூட்டைக்கு என்னிடம் ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் உண்டு. இரண்டாவது மூட்டைக்கு ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை. மாற்று மூட்டை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரும்பு அறிக்கை கூடவே வந்தால்தான் பிரிப்பேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.